பொயிலர் மாமா

லண்டனில் பொயிலர் மாமாவின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. ஹரோவோ, ரூட்டிங்கோ, ஈஸ்ட் ஹாமோ, எந்த இடமானாலும் வீட்டின் பக்கச் சுவரில் ஒரு செப்புக் குழாய் எட்டிப் பார்க்கும். அதன் கீழே ஒரு வெறும் ஐஸ்கிறீம் டப்பா இருக்கும். டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். காலையில் ஒருதரம், படுக்கப் போகுமுன் ஒருதரம் மாமா அதை எடுத்துக் கானுக்குள் ஊற்றுவார். லீக் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

“உது ஒழுகேல்லை. வேர்க்குது.”

அடுப்படி மூலையில் நிற்கும் அந்தப் பொயிலர் வீட்டோடு வந்தது. கடன் வாங்கி, இரவு ஷிஃப்ட் செய்து வாங்கிய வீடு. பிள்ளைகள் மூவரும் அந்தச் சூட்டில்தான் படித்தார்கள் என்பது மாமாவின் கணக்கு. ஆசிரியர்களுக்கு அதில் பெரிதாகப் பங்கில்லை. “வார்ப்பிரும்பு, தம்பி. இப்ப வாறதெல்லாம் தகரம். பத்து வருசத்தில தூக்கி எறியச் சொல்லுவான்” என்று அதன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டில் எங்காவது ஒரு நட்டு இளகும். அதுவும் பிறகு வேர்க்கும்.

2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் பூட்டும் காஸ் பொயிலர்கள் பொதுவாகக் கொண்டென்சிங் வகையாக இருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. புகையோடு போகும் சூட்டையும் பிடித்து வைக்கும் வகை அது. காஸ் மிச்சம். ஆனால் ஆவி குளிர்ந்து தண்ணீராகி ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகவேண்டும். மாமாவின் வாழ்க்கையில் பொன்னாள் அந்தக் குழாயால்தான் வந்தது. 2010 டிசம்பர்க் குளிரில் நாடு முழுக்க அந்தக் குழாய்கள் உறைந்து, புதுப் பொயிலர்கள் ஒவ்வொன்றாக நின்றன. மச்சான் குடும்பம், மருமகன் குடும்பம், மாமாவின் பொயிலரைப் பார்த்துச் சிரித்த சகலன் குடும்பம் எல்லாரும் துவாயும் கையுமாகக் குளிக்க வந்தார்கள். மாமா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். குளிக்க விடுமுன் ஆளுக்கொரு விளக்கமும் கொடுத்தார். “கேத்தில்ல இளஞ்சூட்டுத் தண்ணி எடுத்து வெளிக்குழாயில ஊத்துங்கோ” என்று அவர் சொன்னது சரியான வைத்தியம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய பொயிலரைப் பற்றி அந்தக் குடும்பத்தில் வாய் திறக்க யாருக்கும் உரிமை இல்லாமல் போய்விட்டது.

மாமாவின் நாள் பிரஷர் முள்ளைப் பார்ப்பதில்தான் தொடங்கும். குளிர்ந்திருக்கும்போது முள் 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கவேண்டும். மாமாவின் முள் விடியற்காலையில் பூச்சியத்தில் படுத்திருக்கும். அவர் குனிந்து, வெள்ளிப் பின்னல் போட்ட நிரப்புக் குழாயின் திருகைத் திறப்பார். ஸ்... என்று தண்ணீர் ஏறும். முள் எழும்பும். மாமாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். ஹீற்றிங் போட்டதும் முள் 2ஐத் தாண்டி 3க்கு ஓடும். அங்கே பாதுகாப்பு வால்வு திறந்து, மிஞ்சினதை வெளிக்குழாயால் துப்பும். ஒருமுறை திறந்த வால்வின் வாயில் துருத்தூள் சிக்கினால் அது பிறகு இறுக மூடாது. விடிய மறுபடி பூச்சியம், மறுபடி திருகு. இடையில் நாளுக்கு நாள் புதுத் தண்ணீரோடு புது ஒட்சிசனும் உள்ளே போய், றேடியேற்றர்களின் இரும்பைத் தின்று கறுப்புச் சேறாக்கி அடியில் படிய விடும். மேல்மாடி றேடியேற்றர் தலையில் சுடும், காலில் சில்லிடும். மாமி வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டரோடு திரிவதன் காரணம் அதுதான். மாமா அதை லண்டன் குளிரின் கணக்கில் எழுதிவிடுவார்.

வால்வை மாற்றிப் பார்த்தார். புதுசும் கொஞ்ச நாளில் சொட்டியது. “சாமான் இப்ப சரியில்லை” என்றார். யூரியூப்பில் ஓர் ஆங்கிலேயரின் பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு, அவருக்கும் ஒன்றும் தெரியாது என்றார். நோயை முதலில் பிடித்தவர் மாமிதான்.

“குக்கரில வெயிட் தூக்கினால் அடுப்பைக் குறைக்கிறனாங்கள். வெயிட்டைப் பிடிச்சுத் திட்டுறேல்லை.”

மாமிக்குத் தெரியாத ஒன்று: குக்கரின் முப்பாட்டன் இதே லண்டனில்தான் அரங்கேறியது. 1679இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மெதுவாக்கும் தன் ஆவிப் பானையை ரோயல் சொசைற்றிக்குக் காட்டினார். பானை வெடிக்காமலிருக்க அவர் கண்ட வழிதான் பாதுகாப்பு வால்வு. அந்த வகையில் மாமியின் குக்கரும் மாமாவின் பொயிலரும் நெருங்கிய சொந்தம். மாமாவிடம் இதைச் சொன்னேன். “பிரெஞ்சுக்காரனோ?” என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் மகள் ஒரு பொடியனை அனுப்பினாள். காஸ் வேலை செய்பவர் காஸ் சேஃப் பதிவில் இருக்கவேண்டும். 2009 வரை அந்த இடத்தில் கோர்கி இருந்தது. மாமாவுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. ஹீத்ரோவில் ஒருகாலம் தன் பாஸ்போட்டுக்கு நடந்ததையெல்லாம் அவர் அந்தப் பொடியனின் அட்டைக்கு நடத்தினார். முன்பக்கம் படம், பின்பக்கம் என்னென்ன வேலைக்குத் தகுதி, எல்லாம் வாசித்து முடித்துத்தான் ஸ்பனரைத் தொட விட்டார்.

பொடியன் வால்வைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே சட்டி போல இருந்த ஒன்றின் காற்று ஊசியை, சைக்கிள் ரயரில் அமர்த்துவதுபோல், அமர்த்தினான். காற்று வரவேண்டிய இடத்தால் தண்ணீர் வந்தது.

“அங்கிள், வால்வில பிழையில்லை. உள்ளுக்க ரப்பர் கிழிஞ்சிட்டுது.”

தண்ணீர் 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 3 சதவீதம் பெருகும். நூறு லீற்றருக்குக் கிட்டத்தட்ட மூன்று லீற்றர் கூடும். அதற்கு ஒதுங்க இடம் கொடுப்பது அந்தச் சட்டியின் ஒரு பாதியில் அடைத்த காற்று. நடுவில் நிற்கும் ரப்பர்த் தோல் கிழிந்தால் இடம் இல்லை. பாவம் வால்வு, தன் கடமையைச் செய்ததற்கு இத்தனை காலமாகத் திட்டு வாங்கியிருக்கிறது.

இந்தப் பொயிலருக்கு அந்தச் சட்டி இப்போது வருவதில்லை என்றதும் மாமாவின் முகம் சுருங்கியது. மாமியின் முகத்தில் புதுப் பொயிலர் ஒன்று மின்னி மறைந்தது. ஆனால் பொடியன் நல்லவன். திரும்பி வரும் குழாயில் தனியாக ஒரு சட்டியை வெளியே பூட்டலாம் என்றான். பூட்டினான். அரிசி மூட்டை இருந்த அலுமாரிக்குள் இப்போது ஒரு சிவப்புச் சட்டி தொங்குகிறது. மூட்டை மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. வருகிறவர்களுக்கு மாமா அலுமாரியைத் திறந்து காட்டுகிறார்: “நான் அப்பவே சொன்னனான், பொயிலரில ஒரு பிழையும் இல்லை எண்டு.”

முள் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. மாமாவுக்குக் காலையில் வேலை இல்லை. ஆகவே ஞாயிறுகளில் மருமகன் வீட்டுக்குப் போகிறார். சப்பாத்தைக் கழற்றியதும் நேரே அடுப்படி, பொயிலர்.

“தம்பி, ஒண்டுக்குக் கீழ நிக்குது. உதுக்குத் தண்ணி விடுறது எங்கால?”

அதற்கு ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாவி உண்டு. மாமாவின் கார் வாசலில் திரும்பும்போதே மருமகன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்.