அலங்கார வள்ளிக்கொடியும் அதன் வேண்டாக் கிழங்கும்: ஒரு விசாரணை

சர்க்கரைவள்ளி உணவின் பொருட்டே மனிதரால் பேணப்பட்டு வந்த தாவரம் என்பதில் ஐயமில்லையாதலின், அதனை இலைக்காக மட்டும் தொட்டியில் வளர்த்து, கிழங்கு விட்டால் அதைக் குற்றமாகக் கருதும் வழக்கம் அமெரிக்க வீட்டு முகப்புகளில் நிலைபெற்ற விதம் தனித்து ஆராயத்தக்கது. 1990களில் அங்கே பரவிய ரகங்களுள் எலுமிச்சைப் பச்சை இலையுடைய ‘மார்கரிட்டா’வும், கருமைக்கு நெருங்கிய ஊதா இலையுடைய ‘பிளாக்கி’யும் தலையாயவை. இவை மண்ணுக்கு மேலே அழகுற்றனவேயன்றிக் கீழே குணம் மாறவில்லை. கோடை முழுவதும் எவரும் கேளாத கிழங்கைத் திரட்டி, உடன் நட்ட பெட்டூனியாவின் வேருக்கு இடமில்லாமல் செய்தன.

இக்குறையைக் களைய முன்வந்தது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். அந்நாட்டில் சர்க்கரைவள்ளியை மிகுதியாக விளைவிப்பதும், 1995இல் அதனைத் தன் மாநிலக் காய்கறியாகச் சட்டமியற்றி அறிவித்ததும் அதே மாநிலமாயிருக்க, அங்கேயே கிழங்கு சிறுத்த ‘ஸ்வீட் கரோலைன்’ ரகங்கள் உருவாகிக் காப்புரிமையும் பெற்றன. கிழங்கால் பெருகும் தாவரங்களை 1930ஆம் ஆண்டின் தாவரக் காப்புரிமைச் சட்டம் விலக்குகிறதே எனப் பூர்வபட்சம், அதாவது மறுக்கப்படுவதற்கென்றே முதலில் எடுத்துரைக்கப்படும் எதிர்வாதம், எழலாம். அச்சட்டம் கருதும் கிழங்கு உருளைக்கிழங்கைப் போல நிலத்தடியில் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளியில் பருப்பதோ வேர். அலங்கார ரகங்கள் பெருக்கப்படுவதும் கொடித்துண்டுகளால் என்பது இதற்குச் சமாதானம். ஆகவே ஊரார் கிழங்கென்று அவித்துத் தின்னும் பொருள் சட்டத்தின் கண்ணில் கிழங்கன்று. தருக்க நூலாரான நையாயிகர்கூட இவ்வளவு நுட்பமாக ஒன்றை நிறுவியிருப்பார்களா என்பது ஐயமே.

வளர்ப்பு முறையை நூலோர் நீட்டி எழுதினும், உறைபனிக் காலம் கழிந்தபின் நடுதல், நீர் வடியும் மண், நாளுக்கு ஆறு மணி நேர வெயில் ஆகியவற்றுக்கு மேல் சொல்ல அதிகமில்லை. நிழலில் ஊதா இலை பச்சையாக மங்கும். உச்சிவெயிலில் இலை துவள்வது கண்டு நீர்க்குவளையோடு ஓடுவோர், மண் ஈரமாயிருப்பின் மாலையில் அது தானே நிமிரும் என்பதையும், ஓயாத நீரால் வேர் அழுகும் என்பதையும் அறிதல் நலம். நறுக்கிய கொடித்துண்டு கண்ணாடிக் குவளை நீரில் நின்றே சில நாள்களில் வேர்விடும். காப்புரிமை நடப்பிலுள்ள ரகமாயின், அனுமதியின்றி இவ்வாறு பெருக்கும் சமையலறைச் சன்னல் விளிம்பு சட்டமீறல் நிகழ்ந்த இடமாகிவிடும்.

இலைகளில் காணும் வட்டத் துளைகள் பொன்னிற ஆமைவண்டின் வேலை. தொந்தரவு செய்தால் அதன் பொன்னிறம் மறைந்து செம்மை படரும். அதன் புழுவோ தன் கழிவையே முதுகின்மேல் குடையாகப் பிடித்துத் திரியும். அழகுக்கென வளர்த்த கொடியை அழகிய வண்டு தின்பதில் முறையீட்டுக்கு இடமுண்டா என்ற வினாவை ஒதுக்கி, செழித்த கொடி இத்துளைகளைத் தாங்கும் என்று மட்டும் கொள்க.

உண்மையான சிக்கல் இலையுதிர் காலத்தில், முதல் உறைபனியில் கொடி ஓரிரவில் கருக, தொட்டியைக் கவிழ்க்கும்போது தோன்றுகிறது. கிழங்கு சிறுத்த ரகமாயினும் சிறிதளவேனும் கிழங்கு இருக்கும். அதனை எறிக என்பார் ஒரு சாரார், இவர்களை நாற்றுப் பண்ணையார் மறுக்கக் காரணமில்லை. உலர்ந்த மணலில் புதைத்து அடுத்த வசந்தம்வரை காக்க என்பார் மற்றொரு சாரார். 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் கிழங்கு கெடுமாதலின், இக்கட்சியினருள் மணலை விட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நம்புவோர் பெரும்பாலும் அழுகலையே அறுவடை செய்வர். உண்க என்பாரே சிறுபான்மையினர். எனினும் இக்கிழங்கு நஞ்சன்று, சுவையில் மட்டுமே குறைபாடுடையது என்பதால் அவர் கூற்றே ஏற்கத்தக்கது. பூச்சிமருந்து படாத தொட்டியாயின் அவித்து உண்ணலாம்; உப்பும் மிளகும் தாராளமாகச் சேர்த்தல் வேண்டும்.