கூடத்துக் கொடியின் நீட்சியும் கொழுகொம்பும்: ஓர் ஆய்வு

தமிழக நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் மணி பிளான்ட் எனப்படும் கொடி, பெரும்பாலும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் வேர்விட்டு, நாட்காட்டி மாட்டிய ஆணியைத் தொட்டுக் கதவு நிலையை நோக்கிச் செல்லும் கோலத்தில் காணப்படுகிறது. கொடி நீள நீள வீட்டில் பணம் சேரும் என்பது ஒரு சாரார் கொள்கை. அதைப் பக்கத்து வீட்டில் கேளாமல் ஒடித்து வந்து நட்டால்தான் பலிக்கும் என்பது அவர்களுள் தீவிரப் பிரிவினரின் துணிபு. இரு தரப்பாரும் நீளத்தையே வளத்தின் அளவாகக் கொள்வதால், அந்நீளம் எவ்வாறு விளைகிறது என்பது ஆராயத்தக்கதாகிறது.

1880இல் போத்தோஸ் பேரினத்தில் வைக்கப்பட்டு, பின்னர் வாடகைக் குடித்தனம் போலப் பேரினம் விட்டுப் பேரினம் மாறி, இறுதியில் எப்பிபிரெம்னம் ஆரியம் என்ற பெயரில் குடியமர்ந்த இக்கொடியின் தாயகம் பிரெஞ்சுப் பாலினீசியாவின் மோரேயா தீவாகும். வெப்பமண்டலக் காடுகளில் மரமேறி வளரும்போது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள இலைகளை விடும் இது, கூடத்தில் உள்ளங்கை அளவோடு நின்றுவிடுவதற்கு ஒளிக் குறைவும் பிடிப்பின்மையும் காரணங்களாகும்.

முதலாவதாக ஒளி. வெளிச்சம் போதாத செடி, அதைத் தேடிக் கணுவிடையை, அதாவது இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டை, நீட்டிக்கொண்டு இலையைச் சிறுக்கச் செய்கிறது. ஜன்னலோரத்தில் இரண்டு விரற்கடைக்கு ஓர் இலை விட்ட கொடி, பீரோவுக்குப் பின்னால் புகுந்ததும் ஒரு சாண் கடந்தே அடுத்த இலையை விடுவதை எவரும் அளந்து பார்க்கலாம். ஆகவே நீளம் இங்கே செல்வத்தின் அறிகுறியன்று, பசியின் அறிகுறியாகும். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்க, கூடத்தின் உட்பகுதியில் சில நூறு லக்ஸ் தேறுவதே அரிது. மனிதக் கண் இருளுக்குப் பழகிக்கொள்வதால் வீட்டார் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. சிறு விளக்கின் தூரம் இருமடங்கானால் ஒளி ஏறத்தாழ நான்கிலொன்றாகிவிடும் என்பதால், உத்தரத்து விளக்கை நம்புவதைவிட, வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றை இலைக்கு ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுதல் பயன்தரும்.

இரண்டாவதாகப் பற்றுக்கோடு. இதில் ஆணிக் கொள்கையினர், நூற்கொள்கையினர், கம்புக் கொள்கையினர் என முப்பிரிவினர் உளர். முதலிரு பிரிவினர் கொடியைத் தூக்கி நிறுத்துகின்றனரேயன்றி, கணுவில் கிளம்பும் காற்றுவேருக்குப் பற்ற எதுவும் தருவதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கொடை சுற்றிப் படரும் கொடிக்கே பொருந்தும். வேரால் ஒட்டி ஏறும் மணி பிளான்ட்டுக்கு வழவழப்பான தேர்க்கால் பயன்படாது. பிவிசி குழாயில் தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஈரம் காயாமல் வைத்தால், வேர் அதனுள் இறங்கி, அடுத்தடுத்த இலைகள் பெருக்கும். எனவே தேரினும் நார்க்கயிறே சிறந்தது என்னும் கம்புக் கொள்கையினர் முடிபு வலுவுடையதாகிறது.

ஏற்கெனவே நீண்டுபோன தண்டு மீளக் குறுகாதாகையால், அதைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி மறுநடவு செய்வதே வழி. ஆயினும் செல்வத்தை வெட்டுவதா என வீட்டார் தயங்க, கொடி சுவரைப் பற்றி ஏறிவிடுகிறது. வீடு காலிசெய்யும் நாளில் அதைப் பிய்த்தெடுத்தால், டிஸ்டெம்பர் பூச்சும் வேரோடு உரிந்து வருகிறது. ஆணித் துளைகளையும் சேர்த்து எண்ணி, வெள்ளையடிக்கும் செலவை வீட்டு உரிமையாளர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார். இக்கொடிக்கும் பணத்துக்கும் தொடர்புண்டு என்பது அப்போதுதான் ஐயந்திரிபற நிறுவப்படுகிறது.