நாலாவது வருஷம் அரியர் இல்லை

மெல்பர்ன்
மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

தலசயனப் பெருமாள் கோயில் வாசலில் உன்னை மடக்கி, "மூணு வருஷப் படிப்புக்கு நாலாவது வருஷம் எதுக்கு? எத்தனை பேப்பர் அரியர்?" என்று விசாரித்தார்களாமே. போனில் விளக்கினால் நீ பாதியிலேயே "சாப்பிட்டியா"வுக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். யாராவது கேட்டால் இதையே நீட்டிவிடு.

இந்த ஊரில் பி.ஏ. மூன்று வருஷம். பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனர்ஸ் அதற்கு மேல் தனியாக ஒரு வருஷம். விண்ணப்பம் போட்டு, அவர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரியர் வைத்தவளை வாசற்படி ஏறவே விடமாட்டார்கள். முதன்மைப் பாடத்தில் சராசரி 70 மார்க்காவது வேண்டும். சில இடங்களில் 65 போதும்.

"எழுபதுதானா?" என்று அப்பா சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. 98 வாங்கிய பிள்ளையிடம் மீதி இரண்டு எங்கே என்று கேட்ட தெரு அல்லவா நம் தெரு! இங்கே 80 வாங்கினாலே முதல் வகுப்பு. 75 முதல் 79 வரை இரண்டாம் வகுப்பு 'ஏ', 70 முதல் 74 வரை 'பி', 65 முதல் 69 வரை மூன்றாம் வகுப்பு. 85 வாங்கியவனைக் கான்டீனில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். மிச்ச மார்க்கை யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறார்களோ! அரிஸ்டாட்டில் வந்து சேர்ந்தால் ஒருவேளை 91 போடுவார்கள்.

மார்க் இருந்தால் மட்டும் ஆகாது. ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளராக இருக்க ஓர் ஆசிரியர் சம்மதிக்க வேண்டும். இது மாப்பிள்ளை தேடுகிற கதைதான். என்ன எழுதப் போகிறாய் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், ஒருவர் அடுத்த வருஷம் நீண்ட விடுப்பில் போகிறேன் என்பார்; இன்னொருவர் கையில் ஏற்கெனவே ஆள் நிறைய; மற்றொருவருக்கு இத்தாலிய ஓவியம் தவிர வேறெந்த ஜாதகமும் பொருந்தாது. கடைசியில் ஓர் அம்மையார் சரி என்றார். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. நான் "மேடம்" என்றதும், பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கிறார்.

பாதி வகுப்பு, பாதி ஆய்வேடு. வகுப்பு என்றால் ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, படித்துவிட்டு வந்ததை வைத்து மரியாதையாகச் சண்டை போடுவது. நோட்ஸ் கிடையாது, கைடு கிடையாது, "இது வரும், இது வராது" என்று காதில் ஓதும் வாத்தியாரும் கிடையாது. ஆய்வேடு 15,000 சொல். அக்டோபரில் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மார்க் போடுவார்கள். இருவருக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளிடம் பஞ்சாயத்து.

தலைப்பைக் கேள்: அர்ச்சுனன் தபசு! நம் வீட்டிலிருந்து நடந்து போய்ப் பார்க்கிற பாறையைப் பற்றி எழுத நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். ஒற்றைக் காலில் நிற்பவர் அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நம் மாமல்லபுரத்துச் சிற்பங்களில் பெரும்பாலானவை பல்லவ மன்னன் மாமல்லன் காலத்து வேலை என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, மொத்தமும் பின்னால் வந்த பல்லவன் ராஜசிம்மன் செய்தது என்று 1962-ல் தொல்லியல் அறிஞர் நாகசாமி ஒரு குண்டு போட்டார். அந்தச் சண்டையும் ஓயவில்லை. பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும், எனக்குப் பூனை போதும். கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனை, காலடியில் அதை நம்பிக் கும்பிடுகிற எலிகள். "ஒரு பூனைக்கு 15,000 சொல்லா? நான் மூணு நாளில் செதுக்கிடுவேன்" என்பார் அப்பா. அவர் செதுக்கினால் விற்கவும் விற்கும்.

இன்னொன்று. ஆனர்ஸ் ஒன்றும் வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் இருக்கிற விநோதம் இல்லை. காஞ்சிபுரத்து அண்ணாவே பச்சையப்பன் கல்லூரியில் 1934-ல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தவர். அந்தக் காலத்தில் இன்டர்மீடியட்டுக்குப் பிறகு சாதாரண பி.ஏ. இரண்டு வருஷம், ஆனர்ஸ் மூன்று. கூட ஒரு வருஷம் படித்த அவரை யாரும் அரியர் என்று சொல்லவில்லை. இப்போது டெல்லியிலும் நாலாவது வருஷம் வந்துவிட்டது. ஆராய்ச்சியோடு ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடு வேண்டும் என்று யுஜிசி 2022-ல் விதி போட்டது. நம் அரசுக் கல்லூரிகளில் இன்னும் மூன்று வருஷம்தான்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. குடியுரிமை இருப்பதால் கட்டணத்தை அரசாங்கமே கடனாகக் கொடுக்கிறது. சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். கலை வரலாறு படித்தவளுக்கு அந்த அளவு வர நாளாகும் என்று உன் மாப்பிள்ளை தைரியம் சொல்கிறார்.

அப்பாவிடம் ஒரு வேலை சொல். பூனையையும் எலிகளையும் நாலைந்து கோணத்தில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். வெயில் எப்போது பக்கவாட்டில் விழுந்தால் செதுக்கல் எடுப்பாகத் தெரியும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸை விரல் மறைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல். போன தடவை அனுப்பியதில் கட்டைவிரலும் ஒரு யானையின் காதும்தான் இருந்தன. எலிகள் எத்தனை என்றும் அவரே எண்ணி எழுதட்டும். மேடம் ஓர் எண்ணிக்கை சொல்கிறார், புத்தகம் வேறொன்று சொல்கிறது.

அன்புடன்,
உன் மகள்