உண்டு, இல்லை: கான்ஃபிக் கோப்புகளில் ஒரு பாடபேத ஆராய்ச்சி

ஒரு வசதி வேண்டுமா, வேண்டாமா? மென்பொருளின் கான்ஃபிக் கோப்பில் இதற்கு இரண்டே விடைகள்தான் இருக்க முடியும் என்பது பாமரர் நம்பிக்கை. 1854-இல் சிந்தனையின் விதிகளை ஆராய்ந்து நூல் எழுதிய ஜார்ஜ் பூலும் ஒன்று, சுழியம் என்ற இரண்டு மதிப்புகளோடு திருப்தியடைந்தார். பின்வந்த உரையாசிரியர்கள் அப்படி விட்டுவிடவில்லை.

உரைப்பெருக்கில் முதல் மரியாதை, கான்ஃபிக் கோப்புகளை எழுதப் பயன்படும் யாமல் மொழியின் 1.1 பதிப்புக்கு உரியது. 2005-இல் வந்த அந்த இலக்கணம் ட்ரூ, ஃபால்ஸ், எஸ், நோ, ஆன், ஆஃப் ஆகியவற்றோடு ஒய், என் என்ற ஒற்றை எழுத்துகளையும் ஏற்றுக்கொண்டது. சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடுகளையும் கூட்டினால் மொத்தம் 22 பாடங்கள். உண்டுக்கு 11, இல்லைக்கு 11, ஓரவஞ்சனை கிடையாது. ஆனால் எஸ் என்ற சொல்லின் நடு எழுத்தை மட்டும் பெரிதாக அடித்தால் தகுதி போய்விடும், அது வெறும் சொல்லாகவே கிடக்கும்.

இந்தத் தாராளத்துக்குப் பலியானது ஒரு நாடு. நாடுகளின் ஈரெழுத்துக் குறியீடுகளை மேற்கோள்குறி இடாமல் பட்டியல் போட்டால் ஸ்வீடன் வரும், டென்மார்க் வரும். என், ஓ என்ற எழுத்துகளைப் பெற்ற நார்வே மட்டும் ‘இல்லை’ ஆகிவிடும். நிரலாளர்கள் இதை நார்வே பிரச்சினை என்றே சொல்கிறார்கள். 2009-இல் வந்த 1.2 பதிப்பு ட்ரூ, ஃபால்ஸ் போதும் என்று மற்றவற்றைக் கழித்துக்கட்டியது. பைத்தானில் பரவலாகப் புழங்கும் பையாமல் நூலகமோ பழைய சம்பிரதாயத்தை விடவில்லை. அதிலும் அந்த ஒற்றை எழுத்துகளை மட்டும் ஓசைப்படாமல் தள்ளிவைத்துவிட்டது.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் முழுச் சொல்லையும் கேட்பதில்லை. எது என்று ஐயமில்லாமல் விளங்கும் அளவுக்கு அடித்தால் போதும். ட்ரூவின் முதல் எழுத்தே செல்லும். ஓ என்று மட்டும் அடித்தால் ஏற்காது, ஆனா ஆஃபா என்று தெரியாதே. நியாயம்தான்.

மௌனம் சம்மதம் என்ற கொள்கையை, நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட் கருவி பாதி ஏற்கிறது. ஒரு அமைப்பின் பெயரைத் தனியே எழுதிவிட்டுச் சமக்குறிகூடப் போடாமல் விட்டால் அதற்குப் பொருள் ‘உண்டு’. சமக்குறியைப் போட்டு அதன் பக்கத்தை வெறுமையாக விட்டால் ‘இல்லை’. சொல்லாமல் விடுவது வேறு, சொல்ல வந்து நிறுத்துவது வேறு என்ற இந்த நுட்பம் மற்ற மரபுகளுக்கு எட்டாதது.

சூழல் மாறிகள் இன்னும் பிடிவாதமானவை. முனையத்தில் நிறம் வேண்டாம் என்பதற்கான நோ-கலர் மாறியில் ஏதாவது எழுதியிருந்தாலே நிறம் போய்விடும். சுழியம் எழுதினாலும் போகும், ஃபால்ஸ் எழுதினாலும் போகும். பைத்தானின் வழக்கும் ஏறக்குறைய இதேதான்: மேற்கோள்குறிக்குள் இருக்கும் ‘ஃபால்ஸ்’ வெற்றுச்சரம் அல்ல என்பதால், பூல் மதிப்பாக மாற்றும்போது அது உண்மையாகிவிடும்.

என்ஜின்எக்ஸ் சேவையகத்தில் நடப்பது தனி ரகம். வருகைப் பதிவுக்கு ஆஃப் என்று எழுதினால் பதிவு நின்றுவிடும். அதே தைரியத்தில் பிழைப் பதிவுக்கும் ஆஃப் என்று எழுதும் நிர்வாகி, தொல்லை ஒழிந்தது என்று டீ குடிக்கப் போகலாம். பிழைப் பதிவுக்கான கட்டளை எதிர்பார்ப்பதோ ஒரு கோப்பின் பெயர். சேவையகம் ‘ஆஃப்’ என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, பிழைகளை ஒவ்வொன்றாக அதில் எழுதத் தொடங்கும்.