பட்டப்பகலில் நட்சத்திரம்

(கோடை விடுமுறையில் வானியல் ஆய்வுக்குப் போகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவை)

இரண்டாமாண்டு இயற்பியல் மாணவி, திருச்சி: இரண்டு மாத ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். தினமும் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாமா?

கண் வைக்க வேண்டியது கணினித் திரையில். பெரிய தொலைநோக்கிகளில் கண்ணுக்கு இடமே கிடையாது, அங்கே கேமரா உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் பைத்தானை நிறுவுவதிலும் அது ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலும் போய்விடும். அப்புறம் படத்தைச் சுத்தம் செய்யும் வேலை. கேமராவின் சொந்த இரைச்சல், பிக்சலுக்குப் பிக்சல் மாறும் உணர்திறன், குறுக்கே வந்து குத்திவிட்டுப் போகும் காஸ்மிக் கதிர் எல்லாவற்றையும் நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் நட்சத்திரம்.

பி.எஸ்சி. மாணவர், வேலூர்: பக்கத்திலேயே காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, கோடையில் அங்கே போனால் என்ன?

மே மாதம்வரை போகலாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மேகம் வந்தால் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் நம்மைப் போலவே மேகத்தைத்தான் பார்க்கும். வானம் ஒத்துழைத்தால் காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையிலிருந்தும் பெரிய காரியம் நடக்கும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் அந்த ஒளி விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று.

இல்லத்தரசி, திண்டுக்கல்: மகன் ஆய்வுக்காகக் கொடைக்கானல் போகிறேன் என்கிறான். நம்பலாமா?

ஏரியில் படகு விடும் புகைப்படம் வந்தாலும் நம்புங்கள். அங்குள்ள வானாய்வகத்தில் வேலை பகலில்தான், பார்ப்பது சூரியனை. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் அங்கேதான் கண்டார். நூறு வருடத்துக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே உண்டு. சூரியனின் 11 வருடச் சுழற்சி ஏறக்குறைய பத்து அவற்றில் அடங்கியிருக்கிறது. உங்கள் மகன் அவற்றில் புள்ளி எண்ணிக்கொண்டிருப்பான். சாயங்காலம் படகு விட்டால் விடட்டும்.

முதுகலை மாணவர், கோவை: மாணவர்கள் நிஜமாகவே எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா, எல்லாம் சான்றிதழுக்குத்தானா?

டேவிட் நர்கெவிக் என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர், இயற்பியலோடு அரசியல் அறிவியலும் படித்தவர். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி 2001-ல் பதிவு செய்த பழைய தரவை அலசும்படி பேராசிரியர் டங்கன் லோரிமர் அவரிடம் கொடுத்தார். ஏற்கெனவே ஒருமுறை பல்சார் தேடிய தரவுதான். அதில் ஐந்து மில்லிவினாடிகூட நீடிக்காத ஒரு துடிப்பு மாட்டியது. உயர் அதிர்வெண் முதலில் வந்து, தாழ்ந்தது பின்னால் வந்திருந்தது. வழியிலுள்ள எலக்ட்ரான்கள் செய்யும் தாமதம் அது. நம் பால்வீதியிலுள்ள எலக்ட்ரான்களை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு தாமதம் வராது. அப்படியானால் அது வேற்று கேலக்ஸியிலிருந்து வந்தது!

2007-ல் கட்டுரை வெளியானபோது சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பார்க்ஸிலேயே இதே சாயலில் வேறு சில துடிப்புகள் வந்து குழப்பின. ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ அவசரப்பட்டுத் திறந்ததால் வந்தவை அவை என்று 2015-ல்தான் தெரிந்தது. பசி எந்த அறிவியலையும் கெடுக்கும். ஆனால் நர்கெவிக் பிடித்தது அசல். இன்று அந்த ரகத் துடிப்புகளைக் கனடாவின் சைம் தொலைநோக்கி ஆயிரக்கணக்கில் பிடித்துவிட்டது.

2023-ல் நர்கெவிக் பிடித்த அந்தக் கண்டுபிடிப்புக்கு ஷா பரிசு கொடுத்தார்கள், மூன்று பேருக்கு. கட்டுரையில் நாலாவது பெயராக இருந்த மாணவர் அதில் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பொறியியல் மாணவர், சென்னை: சந்திரசேகர் கப்பலிலேயே கண்டுபிடித்தாராமே?

1930 கோடையில், மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு பம்பாயில் கப்பல் ஏறியபோது வயது 19. கேம்பிரிட்ஜ் போகும் வழியில், வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களைப் பற்றிய இயற்பியலாளர் ஃபவுலரின் கணக்கில் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். அவற்றின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு வந்து நின்றது. இன்றைய மதிப்பில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. நோபல் பரிசு 1983-ல் வந்தது. கப்பலில் வைஃபை இல்லாததும் அந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பெண்ணின் அப்பா, விருதுநகர்: வானியல் படித்தால் சோறு போடுமா?

ஜோசியத்தைவிட நம்பகமான தொழில், வருமானம்தான் குறைவு. ஆராய்ச்சிப் பணியிடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம். ஆனால் குப்பைத் தரவிலிருந்து உண்மையைப் பிரிக்கக் கற்றவளை வங்கியும் வேண்டாம் என்று சொல்லாது.

மாணவர், தஞ்சாவூர்: நூறு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பதில்கூட இல்லை.

நூறு பேருக்கும் ஒரே கடிதம்தானே? ஒருவரைப் பிடியுங்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து, புரியாத இடத்தைக் கேளுங்கள். கூடவே முறையான வழிகளும் உண்டு: அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகை, புனேயின் ஐயூகா வானியல் மையம். மே மாதம் விழித்தால் வேலைக்காகாது, முந்தைய ஆண்டிலிருந்தே அறிவிப்புகளைப் பாருங்கள்.

மாணவி, மதுரை: எங்குமே இடம் கிடைக்கவில்லை. கோடை வீண்தானா?

கையா விண்கலம் அளந்த ஏறக்குறைய 180 கோடி நட்சத்திரங்களின் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கார்த்திகைக் கூட்டத்தின் நட்சத்திரங்களைப் பிரித்தெடுத்து, இடமாறு கோணத்திலிருந்து அதன் தூரத்தைக் கணக்கிடுங்கள். சுமார் 440 ஒளியாண்டு வந்தால் சரி. 4,400 வந்தால் முதலில் சுழியைத் தேடுங்கள், அப்புறம் நோபலைப் பற்றிப் பேசலாம்.