மழை வராத விசைப்பலகை: கையடக்கக் கணினித் தேர்வு குறித்து ஒரு கரிசல் ஆய்வு

ஒரு கணினி எவ்வளவு சிறிதாக இருக்கலாம்? உலகத்தார் இதற்கு அங்குலத்திலும் கிராமிலும் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விடைகள் கோவில்பட்டிக்குச் செல்லுபடியாகா. தீப்பெட்டி செய்து ஊரார் சட்டைப் பையில் எல்லாம் போட்டு வைத்திருக்கும் ஊர் இது. பையில் அடங்குவது எது, அடங்காதது எது என்று அதற்கு வெளியார் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே இவ்வாய்வில் எடைக்கு அலகாகக் கால் கிலோ கடலை மிட்டாய் பாக்கெட்டைக் கொள்கிறோம். 2020-இல் புவிசார் குறியீடே பெற்ற பண்டம். வீட்டில் பிள்ளைகள் இல்லாத வரைக்கும் மாறாத அலகு.

இதன்படி, 1981-இல் 'தூக்கிச் செல்லலாம்' என்று சொல்லி விற்கப்பட்ட ஆஸ்போர்ன் 1 கணினியின் எடை ஏறக்குறைய 44 பாக்கெட். திரையோ 5 அங்குலம். அதை மடியில் வைத்துக்கொண்டு சாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் கண்டக்டர் அரை டிக்கெட்டாவது கிழித்திருப்பார். 2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 7 அங்குலத் திரையோடு 4 பாக்கெட்டுக்கும் குறைவாக இருந்தது. நடுவே 2001 வாக்கில் பெங்களூரில் நம்மவர்கள் சிம்ப்யூட்டர் என்று ஒன்றைக் கிராமத்தாருக்காகச் செய்தார்கள். அதில் விசைப்பலகையே கிடையாது, குச்சியால் தொட வேண்டும். அவர்கள் விசைப்பலகையை ஏன் விட்டுவிட்டார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எடை குறைந்ததே உத்தமம் என்பது பூர்வபட்சம். அதை மறுக்க ஐப்பசி மழைக்கு மறுநாள் ஊருக்கு மேற்கே ஏதாவது ஒரு புஞ்சையில் இறங்கினால் போதும். முதல் எட்டில் கரிசல் மண் செருப்பில் அப்பும். பத்தாவது எட்டில் செருப்பு அரிவாள்மணைப் பலகை அளவுக்கு அகன்றிருக்கும். இருபதாவது எட்டில் கால் வரும், செருப்பு வராது. கணினியில் ஒரு பாக்கெட் எடை மிச்சம் பிடிக்கப் பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தவர், காலுக்கு இரண்டு பாக்கெட் வீதம் இலவசமாகச் சுமக்கிறார். எடை பற்றிய வாதம் இத்துடன் தள்ளுபடி.

இனி மெய்யான சிக்கலுக்கு வருவோம். தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அருமையான ஏற்பாடு, நான் அதில்தான் அடிக்கிறேன். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தோடு கதை முடிந்துவிடும். நமக்கு முடியாது. ஆகவே ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகளின் மேல் குடியிருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். ஐந்தும் வலது ஓரத்து வீடுகள். கணினியைச் சுருக்குகிறவர் முதலில் கை வைப்பதும் அந்த ஓரத்தில்தான். அங்கே இருப்பது வெறும் நிறுத்தக்குறிதானே என்பது அவர் நினைப்பு. விசை பாதியாகும், அல்லது மேல் வரிசைக்கு ஓடும், அல்லது இன்னொரு விசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சுருங்கச் சொன்னால், கையடக்கக் கணினியில் தமிழின் உயிருக்கு ஆபத்தில்லை. காயம் மெய்க்குத்தான். (ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடிக்கும் அன்பர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.)

இக்கருதுகோளைச் சோதிக்க, அந்த ஐந்து விசைகளும் இல்லை என்று வைத்துக்கொண்டு, வட்டாரத்து ஊர்ப்பெயர்களையே எடுத்தேன். கோவில்பட்டி தப்பித்தது. அதன் எழுத்து ஒன்றுகூட ஓரத்தில் இல்லை. விளாத்திகுளமும் ஓட்டப்பிடாரமும் பிழைத்தன. கழுகுமலை ழகரத்தில் விழுந்தது. கயத்தாறு, எட்டயபுரம் இரண்டும் யகரத்தில் போயின. சாத்தூர் முதலெழுத்திலேயே காலி. கரிசல் என்று அடிக்க 'கரி' வரை வந்து நின்றது. கடலை மிட்டாயும் கடைசி எழுத்தை இழந்து, தின்றவன் கேட்கும் குரலில் 'கடலை மிட்டா' ஆயிற்று.

ஆட்களின் கதி இன்னும் நுட்பமானது. பாரதிக்கு ஒரு குறையுமில்லை. மரியாதை கொடுத்துப் பாரதியார் என்று அடிக்கப்போனால் யகரம் கிடைக்காமல் மரியாதை போகிறது. இடைசெவல்காரர் கி.ரா. சுருக்கமாக எழுதினால் சுகமாக இருக்கிறார். ராஜநாராயணன் என்று விரித்தால் நகரத்துக்கும் யகரத்துக்கும் அல்லாட வேண்டும். வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த மனிதருக்கு இந்த நிலை.

இவ்வளவு தரவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கணினிக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைத் தம்பி உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒன்றை எடுத்து வைத்தார். மூன்று பாக்கெட்தான் இருக்கும். பெயர் வேண்டாம், அழகான பொருள்.

"ராம் பதினாறு ஜிபி அண்ணாச்சி. சார்ஜும் நிக்கும்."

"அது கிடக்கட்டும் தம்பி. இதுல மழைன்னு அடிக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தமிழ்99 போட்டுக் கொடுத்தார். மகரம் வந்தது. ழகரத்துக்கு விரல் வழக்கமான இடத்துக்குப் போக, அங்கே மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தது. அடித்தேன். சுட்டி ஒரு வரி மேலே ஏறிப் போய் வானத்தைப் பார்த்து நின்றது. இரண்டாவது முறையும் அதேதான். கடை வாசலில் கந்தக மூட்டை ஏற்றிய வேன் ஒன்று புழுதி கிளப்பிப் போனது. தம்பி விசைப்பலகைமேல் குனிந்து தேடினார். நீல நிறத்தில் பொடி எழுத்தாக அந்தச் சாய்கோடு வேறொரு விசையின் மூலையில் ஒண்டியிருந்தது.

"ரெண்டு வெரலையும் சேத்து அமுக்குங்க அண்ணாச்சி" என்றார். "மழ கண்டிப்பா வரும்."

கோவில்பட்டியில் இவ்வளவு உறுதியாக ஒருவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கினேன்.