நான்காவது வைராக்கியம்

"இனிமே காலேஜ் ஃபுட்பால் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். புதிதாகக் கேட்பவர்கள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். பழகியவர்கள் சுண்டலை மென்றுகொண்டிருப்பார்கள்.

சியாட்டில் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக் கொலுவுக்குப் போனாலும் ஹாலில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். தொண்ணூறுகளில் எம்.எஸ். படிக்க வந்தவர். மாநிலத்தின் கிழக்கு மூலையில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் புல்மன் என்ற சின்ன ஊரில் குளிரில் நடுங்கியபடி படித்து, வாஷிங்டன் ஸ்டேட் அணிக்கு மனசைப் பறிகொடுத்தவர். நவராத்திரி சரியாக ஃபுட்பால் சீசனில் வந்து விழுவது அவர் மனைவி செய்த பாவம்.

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்றைப் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். மூன்றும் வீடு திரும்பும்வரைகூடத் தாங்காது. இவருடையது நான்காவது.

அது முதலில் பிறந்தது 2022 ஜூன் 30 அன்று. லாஸ் ஏஞ்சலீஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், இவருடைய அணியும் இருந்த பேக்-12 கூட்டமைப்பை விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்த நாள். பிக் டென் என்பது ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்துக்காரர்களின் சங்கம். லாஸ் ஏஞ்சலீஸ்காரனுக்கு அங்கே என்ன வேலை? டிவி வேலைதான். ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலர் அளவுக்கு பிக் டென்னில் கொட்டின. அன்று இரவு சத்தியம் செய்தார். செப்டம்பர் முதல் சனிக்கிழமையே அதை முறித்தார். 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் ஐந்து அணிகள் கிளம்பின. ஆகமொத்தம் பத்து அணி போய், 1915 முதல் வந்த மரபில் மிஞ்சியது ஆரகன் ஸ்டேட்டும் இவருடைய வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். இரண்டாவது சத்தியம் இன்னும் பலமானது. அணியின் சட்டைகளையெல்லாம் பையில் போட்டு கராஜில் வைத்தார். கைக்கு எட்டும் உயரத்தில்தான் வைத்தார்.

இந்தச் சத்தியங்களுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஆப்பிள் கப் விதிவிலக்கு. 1900-இலிருந்து நடக்கும் பங்காளிச் சண்டையை எப்படி விடுவது? அந்தப் பங்காளி, அதாவது சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம், தோற்கும் மேட்சும் விதிவிலக்கு. பார்த்தால்தானே தோற்றதா என்று தெரியும், ஆகவே அவர்களுடைய எல்லா மேட்சும் விதிவிலக்கு. 2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பிக் டென்னுக்குப் போன புண்ணியத்தில் அவர்கள் நியூ ஜெர்சிவரை பறந்துபோய் ரட்கர்ஸிடம் 21-18 என்று தோற்றார்கள். அன்று வீட்டில் கேசரி. ஜனவரியில் "எதிர்ப்பைக் காட்ட" டிவி சந்தாக்களை ரத்து செய்வார். ஆகஸ்டில் ஏறிய விலைக்கு மறுபடி கட்டுவார். அவரை அழவைக்கும் அந்தக் கோடிகளில் அவர் மாதாமாதம் கட்டும் காசும் இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வால்யூமைக் கூட்டினார்.

பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு அட்லான்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுவது, பிக் டென்னில் 18 அணி இருப்பது போன்ற புலம்பல்களை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் எல்லோரும்தான் புலம்புகிறார்கள்.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். "இந்தப் பசங்களுக்கு விசுவாசமே இல்லை" என்பார். கேம் வார்ட் என்ற குவார்ட்டர்பேக் 2023 சீசனுக்குப் பிறகு மயாமிக்குப் போனதைச் சொல்கிறார். அந்தப் பையன் புல்மனுக்கு வந்ததே டெக்சாஸில் இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து தாவித்தான். அப்போது அது 'நல்ல முடிவு'. பயிற்சியாளரைத் துரத்துவதற்காக டெக்சாஸ் ஏ அண்ட் எம் சுமார் 7.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டபோது இவர் சிரித்தார். மண்டை உடைய ஆடிய பையன்கள் தங்கள் பெயரை வைத்துக் காசு பார்க்க 2021 ஜூலைவரை அனுமதியே இல்லை; அப்போதெல்லாம் இவருக்கு விளையாட்டு தூய்மையாக இருந்தது. கல்லூரிகள் நேரடியாகப் பங்கு கொடுக்கத் தொடங்கியதே 2025-இல்தான். ஐயா, நீங்கள் கிரீன் கார்டு கைக்கு வந்த மறுமாதமே கம்பெனி மாறியவர். அப்போது விசுவாசம் எந்தப் பெட்டியில் இருந்தது?

கேட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலை அவர் வீட்டில் இருந்தால் வாய் வராது. ஈஎஸ்பிஎன்னின் காலேஜ் கேம்டே நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வாஷிங்டன் ஸ்டேட் கொடி அசையும். 2003-இலிருந்து பழைய மாணவர்கள் கைமாற்றி அனுப்பி அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சேர்த்துக்கொள்ளாத அணியின் கொடி அது. "அதோ, அதோ!" என்று காபியைச் சிந்திக்கொண்டு எழுந்து நிற்பார். அந்த மனுஷனிடம் பொருளாதாரம் பேச மனசு வருமா? இதே மனுஷன்தான் மலைக் கணவாய் தாண்டி 450 கிலோமீட்டர் ஓட்டிப்போய், இன்னொரு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பப்போகும் பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டக் கட்டக் கத்திவிட்டு வந்தவர்.

2026 முதல் பேக்-12 புது அணிகளோடு மறுபடி எழுகிறது. பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், அப்புறம் சான் மார்கோஸ் ஊரில் இருக்கும் டெக்சாஸ் ஸ்டேட். டெக்சாஸுக்கும் பசிபிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"அது வேற" என்றார். பிறகு கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "சான் மார்கோஸுக்குப் போகணும்னா ஆஸ்டின்ல இறங்கறது சல்லிசா, சான் அன்டோனியோவா?"